மனைவிக்கு எல்லா டெஸ்ட்டும் நார்மல். நான் போட்ட ஜிம் ஊசிதான் காரணமா, டாக்டர்?

கடிதம் எழுதியவருக்கு வயது 29. திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். பள்ளியில் 'ஓமக்குச்சி' என்று கூப்பிட்டே நோகடித்தார்கள், அந்தக் கோபத்தில் 21 வயதில் ஜிம்மில் சேர்ந்தேன் என்கிறார். நாலு வருடம் சோறு, முட்டை, பயிற்சி என்று ஒழுங்காகப் போயிருக்கிறது. 25 வயதில் மாவட்ட அளவிலான ஆணழகன் போட்டிக்குத் தயாரானபோது ஜிம் மாஸ்டர் 'இதுக்கு மேல இயற்கையா ஏறாது' என்று சொல்லி ஊசியை ஆரம்பித்து வைத்தார். அதிலிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று சைக்கிள், அதாவது சில வாரம் தொடர்ந்து மருந்து எடுத்து நிறுத்தும் சுற்று: டெஸ்டோஸ்டிரோன், டெக்கா, டயனபால் மாத்திரை, போன வருடம் டிரென்போலோன். எல்லாமே தசையை ஏற்றும் அனபாலிக் ஸ்டெராய்டுகள். பயிற்சிக்கு முன் சில நாள், ரத்த அழுத்தத்தை ஏற்றும் மெஃபென்டெர்மின் ஊசியும் உண்டு.

கல்யாணமாகி இரண்டரை வருடம். குழந்தை இல்லை. மனைவிக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் எடுத்து எல்லாமே நார்மல். அடுத்த மாதம் லேப்ராஸ்கோப்பிக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மகப்பேறு டாக்டர் இவருடைய விந்துப் பரிசோதனையைக் கேட்டபோது 'வெளியில் எடுத்தேன், நார்மல்' என்று பொய் சொல்லிவிட்டார். விதைப்பை சுருங்கியிருக்கிறது, ஒரு பக்க மார்புக்காம்புக்குக் கீழே கட்டி, முதுகு முழுக்க பரு. கடைசி சைக்கிள் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. இப்போது ஆசையே இல்லை, தூக்கமில்லை, 'இருந்து என்ன பயன்னு சில நாள் தோணுது' என்று எழுதியிருக்கிறார். கேள்விகள் நாலு. ஊசிதான் காரணமா? மாஸ்டர் சொல்லும் பிசிடி மாத்திரை (சைக்கிள் முடிந்தபின் சொந்தச் சுரப்பை மீட்கப் போடுவது) இரண்டு மாதம் போட்டால் சரியாகுமா, இல்லை டாக்டரிடமே டெஸ்டோஸ்டிரோன் ஊசி கேட்கலாமா? ஜனவரி போட்டிக்கு ஒரே ஒரு கடைசி சைக்கிள் போட்டு நிறுத்தலாமா? டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகுமா?

தம்பி, உங்கள் நாலு கேள்விக்கும் முன்னால் நான் நின்றது அந்த ஒரு வரியில்தான். 'இருந்து என்ன பயன்' என்று தோன்றுவது உங்கள் மனபலத்தில் உள்ள குறை இல்லை. வெளியிலிருந்து போன ஹார்மோன் நின்றுவிட்டது, உடம்பு சொந்தமாகச் சுரப்பதை இன்னும் ஆரம்பிக்கவில்லை. நடுவில் இருக்கும் இந்தப் பள்ளத்தில் ஆண்களுக்குக் கடுமையான மனச்சோர்வு வருவது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரை போகும். அந்த எண்ணம் மறுபடி வந்தால் 14416 (டெலி மானஸ்) அல்லது 104க்கு அழையுங்கள், எந்த நேரமானாலும் தமிழிலேயே பேசலாம். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். ஹார்மோன் பரிசோதனை முடிவு வரட்டும் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி முதல் கேள்வி. ஊசிதான் காரணமா? பரிசோதிக்காமல் நூறு சதவீதம் என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மிகப் பெரும்பாலும் அதுதான். டெஸ்டோஸ்டிரோன் ஆண்மை ஹார்மோன், அதைக் கூட்டினால் விந்தணுவும் கூடும் என்று உங்களைப் போலவே படித்தவர்கள் பலரும் நம்புகிறார்கள். நடப்பது நேர் எதிர். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பித்தான் விதைப்பையை வேலை செய்ய வைக்கிறது. ரத்தத்தில் ஏற்கெனவே டெஸ்டோஸ்டிரோன் வழிகிறது என்றால் அது அனுப்புவதை நிறுத்திவிடும். குடோனில் சரக்கு தேங்கிக் கிடக்கும்போது உங்கள் கம்பெனி தறிக்கு ஆர்டர் கொடுக்காது, அப்படித்தான். விந்தணு உருவாக விதைப்பைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் அளவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம், அதை விதைப்பை தானே சுரந்தால்தான் உண்டு, தொடையிலோ இடுப்பிலோ போடும் ஊசியால் அதை ஈடுகட்ட முடியாது. அதனால்தான் உடம்பு முறுக்கேறி இருக்கும்போதே விதைப்பை சுருங்குகிறது.

இது வெறும் ஊகம் இல்லை. 1990ல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்றில் ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தார்கள், ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக அதைப் பயன்படுத்த முடியுமா என்று. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விந்தில் ஒரு அணுகூட இல்லாமல் போனது, அதுவும் சராசரியாக நாலே மாதத்தில். நீங்கள் எழுதியிருக்கும் வாராந்திர அளவு அதைவிட மூன்று மடங்குக்கு மேல், அதோடு டெக்காவும் டிரென்போலோனும் வேறு. நாலு வருடமாகக் கருத்தடை மருந்து போட்டுக்கொண்டு குழந்தைக்காகக் காத்திருக்கிறீர்கள் தம்பி, வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

ஆகவே டாக்டரிடம் போய் டெஸ்டோஸ்டிரோன் ஊசி கேட்பது இப்போதைக்கு உங்களுக்கு மிகத் தவறான வைத்தியம். சோர்வு, ஆசையின்மை என்று மட்டும் சொல்லி, சைக்கிள் விஷயத்தை மறைத்தால், குறைவான டெஸ்டோஸ்டிரோன் ரிப்போர்ட்டைப் பார்த்து யாராவது அதை எழுதியும் கொடுத்துவிடலாம். உடம்புக்குத் தெம்பு வந்த மாதிரி இருக்கும், விந்தணு மறுபடி அடங்கிப்போகும்.

பிசிடி போட்டால் இரண்டு மாதத்தில் சரியாகுமா?

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன்: நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வருகிறது. அந்தக் கருத்தடை ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களைத் தொகுத்துப் பார்த்ததில், ஊசியை நிறுத்திய ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கும், ஒரு வருடத்தில் 90 சதவீதம் பேருக்கும், இரண்டு வருடத்துக்குள் அநேகமாக எல்லோருக்கும் விந்தணு எண்ணிக்கை நல்ல அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் அவர்கள் மருத்துவ அளவில், மேற்பார்வையில் எடுத்தவர்கள். ஜிம் அளவில், பல மருந்துகளைக் கலந்து, வருடக்கணக்கில் எடுத்தவர்களுக்கு இன்னும் மெதுவாகத்தான் வரும், சிலருக்கு முழுதாக வராமலும் போகலாம். ஒரு விந்தணு உருவாகி வெளியே வரவே இரண்டரை மூன்று மாதம் ஆகும், அதனால் இரண்டு மாதத்தில் எல்லாம் சரி என்ற மாஸ்டரின் கணக்கு அடிப்படையிலேயே உதைக்கிறது. டெக்கா வேறு மாதக்கணக்கில் உடம்பில் தங்கும்.

பிசிடி என்ற பெயரில் ஜிம்மில் கொடுக்கும் குளோமிஃபீன், டமாக்சிஃபென் இரண்டும் உண்மையான மருந்துகள்தான், நாங்களும் தேவைப்பட்டால் எழுதுவோம், எல்எச் போலவே வேலை செய்யும் எச்சிஜி ஊசியும் கொடுப்பதுண்டு. ஆனால் எல்எச், எஃப்எஸ்எச் அளவு பார்க்காமல், பார்வை மங்குகிறதா, காலில் ரத்தம் உறைகிறதா என்று கவனிக்காமல், பக்கத்து ஆள் போட்ட அளவையே நீங்களும் போடுவது வைத்தியம் ஆகாது. அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. 'பிசிடி இருக்கிறதே' என்ற தைரியத்தில்தான் அடுத்த சைக்கிள் ஆரம்பமாகிறது.

மார்புக் கட்டி பற்றி இரண்டு வார்த்தை. கூடுதல் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி உடம்பில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது, அதனால் வளர்ந்த மார்புத் திசுவாகத்தான் அது இருக்க வேண்டும். புதிதாக, தொட்டால் வலிக்கும் கட்டத்தில் மாத்திரைக்கு அடங்க வாய்ப்புண்டு, ஒரு வருடத்துக்கு மேலாகி நார் போல இறுகிவிட்டால் அறுவை சிகிச்சைதான். எப்படியும் ஒரு டாக்டர் கையால் தொட்டுப் பார்த்துவிடட்டும்.

ஜனவரிக்கு ஒரே ஒரு கடைசி சைக்கிள்

வேண்டாம். இதற்கு நான் சுற்றி வளைக்கப் போவதில்லை.

'லிவர் டெஸ்ட் எடுத்தேன், எல்லாம் ஓகே' என்று எழுதியிருக்கிறீர்கள். ஜிம்களில் எல்லோரும் லிவரைப் பற்றியே பேசுகிறார்கள். டயனபால் மாதிரி மாத்திரைகள் ஈரலைக் கெடுக்கும், உண்மை. ஆனால் கடுமையாகப் பளு தூக்கினாலே லிவர் டெஸ்ட்டில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற என்சைம்கள் ஏறும் என்பதால் அந்த டெஸ்ட் உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு பக்கமும் ஏமாற்றும், கூடவே தசையால் ஏறாத ஜிஜிடி என்ற என்சைமைப் பார்த்தால்தான் ஓரளவு புரியும். நான் உங்களுக்காகப் பயப்படுவது இதயத்துக்கு. இந்த மருந்துகள் நல்ல கொழுப்பான எச்டிஎல்லை அடிமட்டத்துக்குத் தள்ளும், கெட்ட கொழுப்பை ஏற்றும், ரத்த அழுத்தத்தைக் கூட்டும், ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கி ரத்தத்தையே குழம்பு மாதிரி கெட்டியாக்கும், இதயத் தசையைத் தடிக்க வைக்கும். 2017ல் அமெரிக்காவில் வருடக்கணக்கில் பளு தூக்கும் 140 ஆண்களுக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஸ்டெராய்டு எடுத்துக்கொண்டிருந்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் இயல்பைவிடக் குறைந்திருந்தது. நிறுத்தியவர்களுக்கு அது ஓரளவு தேறியிருந்தது, ஆனால் இதயம் தளர்ந்து விரியும் திறன் அவர்களுக்கும் முழுதாகத் திரும்பவில்லை. இத்தனைக்கும் பெரும்பாலானவர்கள் வெளிப்பார்வைக்குத் திடகாத்திரமானவர்கள். இதையெல்லாம் வலி சொல்லிக் காட்டாது.

போட்டிக்கு முந்தைய நாட்களில் தோலுக்கடியில் நீர் தெரியக் கூடாது என்று நீர் குடிப்பதை நிறுத்தி, சிறுநீர் மாத்திரை போடுவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஏற்கெனவே கெட்டியான ரத்தம், தடித்த இதயம், அதன்மேல் பொட்டாசியம் தாறுமாறு. இளம் வீரர்கள் மேடையேறும் நாளிலோ அதற்கு முன்பின்னோ சரிந்து விழுவது பல நேரம் இந்தச் சேர்க்கையில்தான். மெஃபென்டெர்மினைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அது ஸ்டெராய்டே கிடையாது. ஆபரேஷன் தியேட்டரில் முதுகில் மயக்க ஊசி போட்டபின் சரியும் ரத்த அழுத்தத்தை ஏற்றுவதற்காக மயக்க மருந்து நிபுணர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே போடும் மருந்து. அதை ஜிம் பாத்ரூமில் நின்று போட்டுக்கொண்டு நூறு கிலோவைத் தூக்குவது இதயத் துடிப்பு தாறுமாறாகி விழவோ பக்கவாதம் வரவோ வழிசெய்யும், அதற்கு அடிமையாகிறவர்களும் உண்டு. டிரென்போலோன் வெளிநாடுகளில் மாடுகளுக்கு எடை கூட்டக் கொடுப்பது. லேபிளில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. பத்து மில்லி குப்பியை மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொள்வோம், சிரிஞ்ச் மட்டும் தனித்தனி என்கிறீர்கள். எப்போதாவது ஒருவர் போட்ட ஊசியோடு மறுபடி குப்பிக்குள் இழுத்திருந்தால்கூடப் போதும். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூன்றும் பார்த்துவிடுங்கள், இது உங்கள் மனைவிக்காகவும்தான்.

போலீஸ், சட்டம், டாக்டர்

இதில் உங்கள் பயம் தேவையில்லாதது. அனபாலிக் ஸ்டெராய்டுகள் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இல்லை. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் மருந்துகள் அவை. 1940ம் வருடத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் விற்பவர்தான் குற்றவாளி, அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு. நோயாளி சொன்னதை ரகசியமாக வைத்திருப்பது டாக்டரின் கடமை, நீங்கள் எடுத்துக்கொண்டதற்காக யாரும் ஸ்டேஷனுக்குப் போன் செய்ய மாட்டார்கள். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை வாரம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தத் தாளே பேசட்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், 'ஜிம்முல ரெண்டு பசங்களுக்கு நானே வாங்கிக் குடுத்தேன், ஒருத்தனுக்கு 17 வயசு' என்று ஒரு வரி இருக்கிறது. அங்கே நீங்கள் உபயோகிப்பவர் என்ற இடத்திலிருந்து விற்பவர் பக்கம் வந்துவிடுகிறீர்கள், சட்டத்தின் பாதுகாப்பு அங்கே உங்களுக்கு இல்லை. சட்டத்தை விடுங்கள், 17 வயதில் எலும்பின் வளர்ச்சி முனைகள் மூடாமல் இருக்கலாம், ஸ்டெராய்டு அவற்றை முன்னதாகவே மூடிவிடும், உயரம் அத்தோடு நின்றுபோகும். மனமும் ஹார்மோனும் இன்னும் பக்குவப்படாத வயது. அந்தப் பையனைக் கூப்பிட்டு உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், அவன் வேறு யார் பேச்சையும் கேட்க மாட்டான், உங்கள் பேச்சைக் கேட்பான்.

போட்டியைப் பற்றியும் ஒன்று: ஊக்கமருந்து சோதனை நடக்கும் போட்டி என்றால், முதல் தடவை சிக்கினாலே நாலு வருடம் வரை தடை. டெக்காவின் எச்சம் ஒரு வருடத்துக்கு மேலும் சிறுநீரில் பிடிபடும்.

ஏன் நிறுத்த முடியவில்லை

கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி இது. 92 கிலோ இருக்கிறீர்கள், ஊரே திரும்பிப் பார்க்கிறது, இருந்தும் கல்யாண ரிசப்ஷனில் கோட்டுக்குள்ளே இரண்டு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நின்றதாக எழுதியிருக்கிறீர்கள், கை மெலிந்து தெரியுமோ என்று. உடம்பு எவ்வளவு பெருத்தாலும் கண்ணாடியில் ஓமக்குச்சியாகவே தெரிவது ஒரு மனநலப் பிரச்சினை, தசை குறித்த உடல்தோற்றக் கோளாறு என்று சொல்வோம். 1990களிலேயே ஆய்வாளர்கள் உடற்பயிற்சி செய்பவர்களிடம் இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். யார் ஸ்டெராய்டுக்குள் விழுகிறார்கள் என்று பார்த்தால் திரும்பத் திரும்ப வருவது இவைதான்: சிறுவயதில் உடம்பை வைத்துக் கேலிக்கு ஆளானது, தன் உடம்பின்மேல் தீராத அதிருப்தி, கூடப் பயிற்சி செய்யும் நண்பர்கள் எடுப்பது, வாத்தியார் இடத்தில் இருப்பவரே கையில் கொடுப்பது, மேடைப் போட்டி, வேறு போதைப் பழக்கம். உங்கள் கடிதத்தில் கடைசி ஒன்றைத் தவிர எல்லாமே இருக்கிறது. எடுப்பவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் சார்ந்திருக்கும் நிலைக்குப் போகிறார்கள்: கெடுதல் தெரிந்தும் நிறுத்த முடியாது, நிறுத்தினால் வரும் சோர்வைப் போக்கவே அடுத்த சைக்கிள். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம். பேச்சு சிகிச்சை இதற்கு உதவும்.

நிறுத்தினால் உடம்பு இறங்குமா என்றால், ஆமாம், கொஞ்சம் இறங்கும், அதை மறைத்து உங்களிடம் பேச மாட்டேன். ஸ்டெராய்டு வேலையே செய்யாது என்று சொல்லும் டாக்டர்களை உங்களைப் போன்றவர்கள் நம்பாமல் போனதில் நியாயம் இருக்கிறது. 1996ல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில் வாரம் 600 மில்லிகிராம் வீதம் பத்து வாரம் எடுத்தவர்கள், பயிற்சியே செய்யாமல் மூன்று கிலோவுக்கு மேல் தசை கூடினார்கள். பயிற்சியும் செய்தவர்களுக்கு ஆறு கிலோ. ஊசியில்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு இரண்டு கிலோ. அந்த இரண்டு கிலோ உங்கள் சொந்த உழைப்பு. ஊசிக்கு முந்தைய நாலு வருடத்தில் நீங்கள் கட்டிய உடம்பு அப்படி வந்ததுதான், தொடர்ந்து பயிற்சி செய்தால் அதில் பெரும்பகுதி நிற்கும். வேறு ஜிம்முக்கு மாறுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

விந்துப் பரிசோதனை. இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவில்லாமல் இருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். லேபில் கொடுக்கக் கூச்சம் என்றால் அவர்கள் தரும் டப்பாவில் வீட்டிலேயே எடுத்து, உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்கலாம், முன்கூட்டிப் பேசிக்கொள்ளுங்கள். கூடவே காலை பத்து மணிக்கு முன் வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோன், எல்எச், எஃப்எஸ்எச், கொழுப்பு, ரத்த எண்ணிக்கை (அதில் பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், 54க்கு மேல் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்), சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், இதயத்துக்கு ஈசிஜி, எக்கோ. கிரியாட்டினின் தசை அதிகமுள்ளவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். இவற்றோடு ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ ஆண்களுக்கான கருத்தரிப்புச் சிகிச்சை செய்யும் சிறுநீரகவியல் மருத்துவரையோ பாருங்கள். முதல் ரிப்போர்ட்டில் விந்தணு பூஜ்யம் என்று வந்தாலும் அதுவே தீர்ப்பு ஆகிவிடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே போவோம். ஒரு வருடத்துக்கு மேலும் வராவிட்டால் ஒற்றை விந்தணுவை வைத்தே கருத்தரிக்கச் செய்யும் இக்ஸி முறை வரை வழிகள் இருக்கின்றன.

கடைசியாக உங்கள் மனைவி. இரண்டரை வருடமாக மாமியார் வாயால் பேச்சு வாங்கி, செவ்வாய்க்கிழமை விரதம் இருந்து, கருக்குழாய் எக்ஸ்ரேயின் வலியையும் தாங்கியவர், அடுத்த மாதம் மயக்க மருந்து வாங்கி வயிற்றில் துளை போட்டுக்கொள்ளப் போகிறார், நீங்கள் 'நார்மல்' என்று சொன்ன ஒரு பொய்யின் பேரில். உங்கள் ரிப்போர்ட் இல்லாமல் அந்த லேப்ராஸ்கோப்பி நடக்கக் கூடாது. மகப்பேறு டாக்டருக்குப் போன் செய்து, 'நான் டெஸ்ட் எடுக்கவே இல்லை, தேதியைத் தள்ளி வையுங்கள்' என்று சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும். அன்று சாயங்காலமே மனைவியிடம் சொல்லிவிடுங்கள், ரிப்போர்ட் வந்தபிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். கோபப்படுவார், படட்டும், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. நடுவில் நியாயம் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் சாமானை உடைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் தனியாகப் பேசப் பயமாக இருந்தால் அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போய் அங்கே வைத்துப் பேசுங்கள், நாங்கள் தினமும் செய்கிற வேலைதான். அம்மாவிடம் ஸ்டெராய்டு கதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்பதை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்துகொள்ளலாம், ஆனால் 'குறை என்கிட்டதான் இருக்கும்மா, இனி அவளை ஒண்ணும் சொல்லாதீங்க' என்பதை அம்மாவிடம் நீங்களே சொல்ல வேண்டும், மனைவி வாயால் சொல்ல வைக்காதீர்கள்.

ரிப்போர்ட்டுகள் வந்ததும் எழுதுங்கள். எல்எச், எஃப்எஸ்எச் எண்களையும் எக்கோவில் ஈஎஃப் (இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன்) எவ்வளவு என்பதையும் மறக்காமல் சேர்த்து அனுப்புங்கள்.